எண்ணெய்க்கு ஒரு சிட்டிகை

என் கையால் சாப்பிட்டு இதுவரை யாருக்கும் வயிறு வலித்ததில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன், அதில் என்ன தப்பு? மின்விசிறி செய்யும் தொழிற்சாலையின் கேன்டீனில் பத்தொன்பது வருஷமாக மாஸ்டர் நான். மதியத்துக்கு மட்டும் முந்நூறு தட்டு போகும். பெரிய மேனேஜரும் தரை துடைப்பவரும் ஒரே வரிசையில் நின்றுதான் வாங்கிச் சாப்பிடுவார்கள். ஒரே ஒருமுறை சூப்பில் உப்பு தூக்கல் என்று புகார் வந்தது. விசாரித்தால், அன்றைக்கு நான் லீவு.

அதனால்தான் அந்த வயிற்று டாக்டரம்மா என் மனைவியின் ரிப்போர்ட்டைப் புரட்டிக்கொண்டே "சாப்பாட்டுலதான் பிரச்சினை" என்றபோது எனக்குச் சுருக்கென்றது.

"யார் சமைச்ச சாப்பாட்டுல?" என்றேன்.

"யார் சமைச்சாலும்" என்றார் அவர், தலையை நிமிர்த்தாமலே. "கோதுமையில குளூட்டன்னு ஒண்ணு இருக்கு. மாவைப் பிசைஞ்சு இழுத்தா ரப்பர் மாதிரி வருதே, அது இதனாலதான். பார்லியிலயும் ரைங்கிற தானியத்துலயும்கூட இருக்கு. இவங்க உடம்பு அதை ஏத்துக்கல. அது உள்ள போனா உடம்பே தன் குடலைப் புண்ணாக்கிக்குது. அப்புறம் நீங்க எவ்வளவு சத்தா சமைச்சுப் போட்டாலும் ரத்தத்துல சேராது. இதுக்கு மருந்து கிடையாது. கோதுமையை விடணும். குறைச்சுக்கிறது இல்ல, அடியோட விடணும். ஆயுசுக்கும்."

என் மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"விட்டா நான் மறுபடியும் மேல ஏறலாமா?"

அவள் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவள். பன்னிரண்டு மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. காலுக்குக் கீழேயும் கண்ணாடிதான். அதில் குனிந்து உட்கார்ந்து, லாரி நீளத்துக்கு இருக்கும் இரும்புப் பெட்டிகளைக் கப்பலிலிருந்து தூக்கி, கீழே நிற்கும் லாரியில் அலுங்காமல் இறக்க வேண்டும். வயர்லெஸ்ஸில் அவளுக்குக் 'கழுகு' என்று பெயர். நானோ ஸ்டூலில் ஏறினாலே சுவரைப் பிடித்துக்கொள்ளும் ஆள். கல்யாணமான புதிதில் ஒருநாள் அவள் வேலை செய்வதைப் பார்க்கப் போய், கீழே நின்று அண்ணாந்து பார்த்ததற்கே எனக்குத் தலை சுற்றிவிட்டது. அதைச் சொல்லிச் சொல்லி எட்டு வருஷமாகச் சிரிக்கிறாள்.

அப்படிப்பட்டவளுக்கு ஒருநாள் காலையில், பெட்டி அந்தரத்தில் தொங்கும்போது, கண் இருட்டிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பெட்டியை லாரியில் உட்கார வைத்தாள். "கழுகு இறங்குது, வேற ஆளை ஏத்துங்க" என்று வயர்லெஸ்ஸில் சொல்லிவிட்டு, கீழே வந்து சேர்ந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ரத்தம் எடுத்துப் பார்த்தால், ஹீமோகுளோபின் பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் எட்டுகூட இல்லை. ஏன் இல்லை என்று கண்டுபிடிக்க நாலு டாக்டர், ஒரு மாதம். தொண்டை வழியாகக் கேமராவை விட்டுப் பார்த்த இந்த டாக்டரம்மாதான் கடைசியில் கண்டுபிடித்தார்.

துறைமுகத்து மெடிக்கல் ஆபீசர் கறாரான ஆள். ஆறு மாதம் கெடு வைத்தார். அதற்குள் ரத்தம் பதினொன்றைத் தாண்ட வேண்டும், 'உயரத்தில் ஏறலாம்' என்று வயிற்று டாக்டரிடமிருந்து கடிதமும் வர வேண்டும். இல்லையென்றால் கூண்டு வேறு ஆளுக்குப் போய்விடும். அவளுக்கு வாசல் கேட்டில் லாரி நம்பர் சரிபார்க்கும் நாற்காலி.

"அந்த நாற்காலியில உக்காந்தா நான் செத்துடுவேங்க" என்றாள் அவர் அறையை விட்டு வெளியே வந்ததும். இப்படியெல்லாம் பேசுகிறவள் இல்லை அவள். காய்ச்சல் வந்தால்கூட நானாகக் கேட்டால்தான் சொல்வாள்.

"ஆறு மாசம் எதுக்கு?" என்றேன். "என்கிட்ட விடு. மூணே மாசத்துல உன்னை மேல ஏத்திக் காட்டுறேன். நான் யாரு? மாஸ்டர்!"

"வாய் மட்டும் இல்லேன்னா உங்களை நாய்கூட மதிக்காது" என்றாள். ஆனால் அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள்.

மறுநாள் லீவு போட்டேன். சமையலறையைத் தலைகீழாகப் புரட்டினேன். கோதுமை மாவு, மைதா, ரவை, ரொட்டி, பிஸ்கட், நூடுல்ஸ் எல்லாம் மூட்டை கட்டி வெளியே போயின. டோஸ்டர் போனது. மரக்கரண்டியின் பிளவுகளில் மாவு ஒளிந்திருக்கும் என்று ஆறு மரக்கரண்டிகளையும் தூக்கிப் போட்டேன். சல்லடைக்கும் அதே கதி. கடைக்குப் போய்க் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு பாக்கெட்டின் முதுகையும் படித்தேன். சோயா சாஸில் கோதுமை இருக்கிறது, உங்களுக்குத் தெரியுமா? எனக்கே தெரியாது. மில்லில் கோதுமை அரைத்த கல்லில்தானே அரிசியும் விழும்? அதனால் புது மிக்ஸி ஜார் வாங்கி, அரிசியைக் கழுவிக் காயவைத்து நானே அரைத்தேன். கேன்டீன் சட்டையோடு வீட்டுச் சமையலறைக்குள் நுழைவதில்லை. குளித்து மாற்றிக்கொண்டுதான் வருவேன். பழைய இடத்தில் மிஞ்சியவை அடுப்போரத்தில் தீப்பெட்டி, உப்புக் கிண்ணம், ஒரு சின்ன அலுமினிய டப்பா, இடுக்கி, அவ்வளவுதான்.

முதலில் ஒரு முட்டாள்தனம் செய்தேன். அவளுக்கு ரொட்டி பிடிக்குமே என்று, அரிசி மாவிலும் சோள மாவிலும் ரொட்டி சுட்டேன். அவள் தம்பி, அதாவது என் மச்சான், ரொட்டிக்கடை வைத்திருப்பவன். அவனை ருசி பார்க்கச் சொன்னேன். அவன் அதை மேஜையில் தட்டிப் பார்த்தான். டொக் என்றது.

"மாமா, இன்னும் ஒரு ஐநூறு சுட்டுக் குடுங்க, மாடியில ஒரு ரூம் கட்டிடலாம்."

"உன் கடை ரொட்டி மட்டும் என்ன, பஞ்சு மெத்தையா?"

"நான் தொழில்காரன் மாமா. கோதுமை இல்லாம அதையே செய்யணும்னு ஏன் மல்லுக்கட்டுறீங்க?"

எனக்கு மூக்குடைந்தாலும் அவன் சொன்னது மண்டையில் ஏறியது. அவளுக்கு ஒத்துக்கொள்ளாதது ஒரே ஒரு தானியமும் அதன் பங்காளிகளும். மீன் ஒத்துக்கொள்ளும், முட்டை ஒத்துக்கொள்ளும், அரிசி, சோளம், உருளை, பருப்பு, பால், பழம், கீரை, இந்த உலகத்தில் பாதிக்கு மேல் ஒத்துக்கொள்ளும். போனதற்குப் போலி செய்வதை அன்றோடு நிறுத்தினேன். இருப்பதை வைத்து ஜமாய்த்தேன்.

கோழிச் சூப்பைக் கெட்டியாக்க மாவு எதற்கு? வேகவைத்த உருளையை மசித்துக் கலந்தேன். மாவு போட்டதைவிட வழவழப்பாக வந்தது. மீன் துண்டுகளை அரிசி மாவில் புரட்டிப் பொரித்தால், கடிக்கும்போது பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். கடலை மாவில் வெங்காயமும் மிளகும் போட்டு அடை மாதிரி தட்டிக் கொடுத்தேன், நாலு சாப்பிட்டாள். பாதாமை அரைத்து, முட்டையை நுரைக்க அடித்து, ஆரஞ்சுத் தோலைச் சீவிப் போட்டு கேக் செய்தேன். அதைத் தின்றுவிட்டு மச்சான் இன்னொரு துண்டு எடுத்துத் தின்றான். அப்புறம் "இதுல மைதா இல்லவே இல்லையா?" என்றான். அவன் வாயிலிருந்து அந்த வார்த்தையை வரவழைத்த சுகம் இருக்கிறதே, அடடா!

மச்சானைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவன் உடம்பெல்லாம் மாவு, தொழில் அப்படி. அக்காவுக்கு இப்படி என்று தெரிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும்போது, தெருக்குழாயில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, பையிலிருந்து வேறு சட்டை எடுத்து மாற்றிக்கொண்டுதான் படியேறுவான். போகிறவர் வருகிறவரெல்லாம் வேடிக்கை பார்ப்பார்கள். அவன் கவலைப்பட்டதே இல்லை.

மூன்று மாதம் போனது. நான் மார்தட்டிக்கொண்டு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"எட்டு புள்ளி ஒண்ணு" என்றார். "ஏறவே இல்லைன்னு சொல்லலாம். குடல் டெஸ்டும் அப்படியேதான் இருக்கு. எங்கேயோ கோதுமை உள்ள போகுது. தினமும் போகுது."

"என் கிச்சன்லேர்ந்து இல்ல" என்றேன்.

"நான் யாரையும் சொல்லல. தெரிஞ்சோ தெரியாமலோ போகுது. கண்டுபிடிங்க. இன்னும் மூணு மாசம்கூட இல்ல."

பஸ்ஸில் திரும்பும்போது அவள் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். கடற்கரைச் சாலையில் திரும்பினால் தூரத்தில் அவளுடைய கிரேன் தெரியும். எப்போதும் காட்டுவாள். அன்றைக்குக் காட்டவில்லை.

எனக்கோ உள்ளுக்குள் கொதித்தது. என் சமையலறையில் ஒரு துரும்பு கோதுமை கிடையாது. கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக்கொள்கிறேன். அப்படியென்றால் வெளியே யாரோ கொடுக்கிறார்கள், இவளும் வாங்கித் தின்கிறாள். யார் கொடுப்பார்கள்? கேட்கவா வேண்டும்! ஞாயிற்றுக்கிழமை தம்பி கடைக்குப் போய் உட்கார்ந்து கதை பேசிவிட்டு வருகிறாள் அல்லவா?

மறுநாள் நேராக ரொட்டிக்கடைக்குப் போனேன். வரிசையில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள்.

"என் பொண்டாட்டிக்கு என்னடா குடுத்தே?" என்று கத்தினேன்.

மச்சான் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தான். "என்ன மாமா சொல்றீங்க?"

"ஆசையா கேக்குறாளேன்னு பன்னை எடுத்து நீட்டுனியா இல்லையா? பாசம்னு நினைச்சுக்கிட்டு விஷத்தைக் குடுக்குறேடா நீ!"

அவன் முகம் செத்துப்போனது. "அக்கா இங்க தண்ணிகூட குடிக்காது மாமா. கடைக்கு வெளியில, அந்த மரத்தடி பெஞ்சுலதான் உக்காரும். நான்தான் கையைக் கழுவிட்டு வெளிய போவேன்."

"நடிக்காதே" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வரிசையில் நின்ற எல்லோரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதோடு விட்டேனா? வீட்டுக்கு வந்து அவள் கைப்பையைத் திறந்து மேஜையில் கவிழ்த்தேன். சீப்பு, பஸ் அட்டை, மாத்திரை, சுருட்டி வைத்த கையுறை. ஒரு ரொட்டித் துணுக்குகூட இல்லை. நிமிர்ந்தால் அவள் வாசலில் நிற்கிறாள்.

"என்ன தேடுறீங்க?"

"நீ எங்கேயோ தின்னுட்டு வர்றே" என்றேன். "நான் இங்க உயிரைக் குடுத்துச் சமைக்கிறேன்."

அவள் உள்ளே வந்தாள். சாமான்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் எடுத்து வைத்தாள். கையுறையை மட்டும் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். அப்புறம் ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. சாப்பாடு போட்டால் சாப்பிடுவாள், தட்டைக் கழுவுவாள், போய்விடுவாள்.

பத்தாம் நாள் சாயங்காலம். சமையலறை பல்பு போய்விட்டது. ஜன்னல் வெளிச்சத்திலேயே மீன் பொரிக்க ஆரம்பித்தேன். புது வாணலி, புது எண்ணெய், அரிசி மாவில் புரட்டிய எட்டுத் துண்டுகள். பின்னால் ஏணி வைக்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் அவள் புது பல்போடு நாலாவது படியில் நிற்கிறாள்.

"ஏய், இறங்கு! டாக்டர் என்ன சொன்னாங்க? தலை சுத்தி விழுந்தா என்ன பண்றது?"

அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. இன்னும் ஒரு படி ஏறினாள். சரி, இவளோடு யார் மல்லுக்கு நிற்பது என்று நான் அடுப்புப் பக்கம் திரும்பினேன். எண்ணெய் காய்ந்திருக்கும். மீன் தட்டை எடுத்தேன்.

"கையை எடுங்க" என்றாள்.

பத்து நாளில் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு. அதுவும் வயர்லெஸ்ஸில் பேசுவாளே, அந்தக் குரல். பெட்டி தப்பான இடத்தில் இறங்கப் போகிறது என்றால் வரும் குரல். எனக்குக் கை தானாக நின்றது.

"இப்ப எண்ணெயில என்ன போட்டீங்க?"

"நான் எங்க போட்டேன்? மீன் இன்னும் தட்டுலதான இருக்கு."

"மீன் இல்ல. அதுக்கு முன்னாடி. உங்க வலது கை அந்தப் பக்கம் போச்சு, தீப்பெட்டி கிட்ட. ரெண்டு விரல் ஒரு டப்பாக்குள்ள போச்சு. அப்புறம் எண்ணெய் மேல வந்து இப்படிப் பண்ணுச்சு." மேலே நின்றபடியே கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் உரசிக் காட்டினாள். "மேலேர்ந்து பாக்குறேன், எனக்குத் தெரியாதா?"

எண்ணெயைப் பார்த்தேன். நடுவில் சின்னதாக ஒரு நுரை பொரிந்து, பொன் நிறமாகி, ஓரத்துக்கு ஒதுங்கிக்கொண்டிருந்தது.

மீன் தட்டைக் கீழே வைத்தேன்.

என்னைப் போன்ற சமையல்காரர்கள் எண்ணெயின் சூட்டைப் பார்ப்பது இப்படித்தான். ஒரு சிட்டிகை மாவைத் தூவ வேண்டும். அமிழ்ந்தால் சூடு பத்தாது, கருகினால் அதிகம், உடனே பொரிந்து மிதந்தால் சரி. முப்பது வருஷமாகக் கை செய்கிற வேலை. மண்டைக்குச் சேதியே போகாது. அதற்கென்றே அடுப்போரத்தில் ஒரு டப்பா இருக்கும். கேன்டீனிலும் இருக்கிறது, வீட்டிலும் இருந்தது. அன்றைக்கு வீட்டிலிருந்த மாவையெல்லாம் மூட்டை கட்டினேனே, அந்த டப்பா என் கண்ணில் மாவாகவே படவில்லை. அது சாப்பாட்டுச் சாமானே இல்லை எனக்கு. தீப்பெட்டி மாதிரி, இடுக்கி மாதிரி, தொழில் சாமான்.

டப்பாவை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். மைதா. விளிம்பு வரை இருந்தது இப்போது பாதிக்குக் கீழே போயிருந்தது. மீதி எங்கே போனது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மீனில், உருளையில், முட்டையில், தினமும் ஒன்று விடாமல், என் கையாலேயே.

அடுப்பை அணைத்தேன். அவள் ஏணியிலிருந்து இறங்கி வந்து டப்பாவை வாங்கிப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை.

"பையைக் கவுத்துப் பாத்தீங்களே" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன், அதைச் சொல்வதில் எனக்கென்ன வெட்கம்? முந்நூறு பேருக்குச் சமைத்துப் போடுகிறேன், யாருக்கும் வயிறு வலித்ததில்லை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்ட வாய் இது. கட்டின மனைவிக்குத் தினமும் ஒரு சிட்டிகை விஷம் வைத்திருக்கிறேன்.

"தப்பு என்னோடதும்மா" என்றேன். "உன்னைச் சொன்னது தப்பு. உன் தம்பியைச் சொன்னது அதைவிடத் தப்பு."

அவள் டப்பாவைக் குப்பைக் கூடையில் போட்டாள்.

"என்கிட்ட சொல்லிட்டீங்க. அவன்கிட்ட கூட்டத்துல வச்சுக் கத்தினீங்களாமே?"

"கூட்டத்துல வச்சே சொல்றேன்."

சொன்னேன். மறுநாள் காலை, கடையில் கூட்டம் சேரும் நேரம் பார்த்துப் போய், வரிசைக்கு முன்னால் நின்றேன். எனக்குக் குரலை இறக்கிப் பேசத் தெரியாது. அன்றைக்கு அது உதவியது. "அன்னிக்கு இவனைத் திட்டினேன் பாருங்க, அந்த ஆள் நான்தான்" என்றேன். "கோதுமையைக் குடுத்தது இவன் இல்ல. நான். என் கையால, என் அடுப்புல. இவன் எங்க வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி தெருவுல நின்னு சட்டை மாத்துறவன். என்னை மன்னிச்சுடுடா மச்சான்."

வரிசையில் இருந்த ஒரு பெரியம்மா, "சரி தம்பி, ரொட்டி ஆறுது, கொஞ்சம் நகருங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மச்சான் மட்டும் சிரிக்கவில்லை. முழங்கை வரை கழுவிக்கொண்டு வெளியே வந்து, மரத்தடி பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"எண்ணெய் பாக்குறதுக்கா போட்டீங்க?" என்றான்.

"ம்."

"நான் அடுப்புச் சூடு பாக்க மாவுதான் வீசுவேன் மாமா. எங்க அக்கா என் வீட்டுல இருந்திருந்தா, நானும் இதைத்தான் பண்ணியிருப்பேன்." தொழில்காரனுக்குத்தான் தொழில்காரன் புரியும். எனக்கு மறுபடியும் கண் கலங்கியது.

இனி இருந்தது பத்து வாரம். டப்பாவை எறிந்தாகிவிட்டது, கையை எங்கே எறிவது? அது பாட்டுக்கு அந்தப் பக்கம் போகும், காலியிடத்தைத் தடவிவிட்டு வரும். அதனால் அவளே ஒரு ஏற்பாடு செய்தாள். நான் சமைக்கும்போதெல்லாம் ஏணியை விரித்து, மூன்றாவது படியில் ஏறி உட்கார்ந்துகொள்வாள். மடியில் ஒரு கிண்ணம் வேர்க்கடலை.

"வலது கை, வலது கை" என்று மேலேயிருந்து குரல் வரும்.

"தெரியுது, தெரியுது."

"தெரிஞ்சா ஏன் போகுது? வெங்காயத்தை எடுங்க மாஸ்டர்."

எண்ணெய்க்கு ஒரு துண்டு வெங்காயம் போட்டுப் பார்க்கப் பழகினேன். ஐம்பத்திரண்டு வயதில் கைக்கு அரிச்சுவடி கற்றுக்கொடுப்பது லேசில்லை. நாலாவது வாரம் கை தானாகவே வெங்காயத்துக்குப் போனது. அன்றைக்கு ஏணியிலிருந்து கைதட்டல் கேட்டது.

அந்தப் பத்து வாரமும் நான் சமைத்த மாதிரி என் ஆயுளில் சமைத்ததில்லை. ஈரலை மிளகோடு வதக்கினேன். கீரையில் பூண்டைத் தட்டிப் போட்டேன். பருப்பும் எலுமிச்சையும் சேர்த்துச் சூப் வைத்தேன். சோள மாவைப் பாலில் கிண்டி, ஆறவைத்து, துண்டு போட்டு நெய்யில் வாட்டினேன். அவள் கன்னத்தில் மெல்ல நிறம் வந்தது. மாடிப்படியில் நடுவில் நின்று மூச்சு வாங்குவாளே, அது நின்றது. ஒருநாள் நான் கேட்காமலே "இன்னும் கொஞ்சம் மீன் இருக்கா?" என்றாள். எட்டு வருஷத்தில் அவளாக இன்னும் வேண்டும் என்று கேட்டு வாங்கியது அதுதான் முதல்முறை.

கேன்டீனிலும் ஒரு அடுப்பை ஒதுக்கினேன். அதன் பக்கத்தில் மாவு வரக்கூடாது. எதற்கு என்று மேனேஜர் கேட்டார். காரணத்தை மறைக்காமல் சொன்னேன். அடுத்த வாரமே ஒயரிங் பிரிவிலிருந்து ஒரு பெண் வந்து, "மாஸ்டர், எனக்கும் அதே பிரச்சினைதான், மூணு வருஷமா வீட்டுலேர்ந்து வெறும் சோறு கொண்டுவர்றேன்" என்றாள். இப்போது அவள்தான் அந்த வரிசையில் முதல் ஆள்.

கெடு முடிய நாலு நாள் இருக்கும்போது டாக்டரம்மாவிடம் போனோம். அவர் ரிப்போர்ட்டைப் பிரித்தார். நான் மேஜை மேல் எட்டிப் பார்த்தேன்.

"பதினொண்ணு புள்ளி ஆறு" என்றார். முதல்முறையாகத் தலையை நிமிர்த்தினார். "குடல் டெஸ்ட் நம்பரும் நல்லா குறைஞ்சிருக்கு. தலைசுத்தல்?"

"ரெண்டு மாசமா இல்ல டாக்டர்."

"எங்கேர்ந்து போயிட்டிருந்துச்சு? கண்டுபிடிச்சீங்களா?"

என் மனைவி முந்திக்கொண்டாள். "ஏதோ பழைய டப்பா ஒண்ணு டாக்டர், கவனிக்காம விட்டுட்டோம்."

'விட்டுட்டோம்' என்றாள். அந்த ஒரு சொல்லில் என்னையும் தன் பக்கம் சேர்த்துக்கொண்டு காப்பாற்றப் பார்த்தாள். நான் விடுவேனா?

"இவ இல்ல டாக்டர், நான்தான்" என்றேன். "எண்ணெய் காஞ்சுதான்னு பாக்க மைதா தூவுற பழக்கம். மத்த சமையல்காரங்களுக்கும் சொல்லுங்க. எழுதி ஒட்டி வைங்க."

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இத்தனை வருஷத்துல இதை யாரும் சொன்னதில்ல" என்றார். உண்மையாகவே ஒரு தாளில் எழுதிக்கொண்டார். அப்புறம் இன்னொரு தாளை எடுத்து, 'உயரத்தில் ஏறலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மனைவி அதை நாலாக மடித்தாள், பிரித்தாள், மறுபடியும் மடித்துக் கைப்பையில் கையுறைக்குள் வைத்தாள்.

அவள் மறுபடியும் ஏறிய நாளில் நான் அரை நாள் லீவு போட்டேன். மூன்று அடுக்கு டிபன் கேரியரில் அரிசி மாவு மீன், உருளைக்கிழங்கு, எலுமிச்சைப் பருப்பு, தனியாக ஒரு துண்டு ஆரஞ்சு கேக், எல்லாம் கட்டி அவள் கையில் கொடுத்தேன். துறைமுக வேலிக்கு வெளியே போய் நின்றேன். லிஃப்ட் சின்னப் புள்ளியாக மேலே போனது. கொஞ்ச நேரத்தில் கூண்டு நகர்ந்தது. முதல் பெட்டி கப்பலிலிருந்து எழும்பி, அந்தரத்தில் நின்று, ஆடாமல் வந்து, லாரியில் உட்கார்ந்தது. எனக்குத் தலை சுற்றியது. பரவாயில்லை என்று அண்ணாந்தே நின்றேன்.

இருபது, இருபத்தைந்து பெட்டிகள் இறக்கினாள். சாப்பாட்டு நேரத்துக்குக் கிரேன் நின்றது. என் போன் அடித்தது.

"மீன் எப்படி இருக்கு?" என்றேன்.

"உப்பு கொஞ்சம் கம்மி."

"கம்மியா? என் சமையல்லயா? அங்க காத்து அடிச்சு உன் நாக்கு..."

"மாஸ்டர்" என்றாள். மென்றுகொண்டிருப்பது கேட்டது. "காலுக்குக் கீழ வேலி தெரியுது. வேலிக்குப் பக்கத்துல நீங்க தெரியுறீங்க. வலது கை என்ன பண்ணுது?"

குனிந்து பார்த்தேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று உரசிக்கொண்டிருந்தன.

"பாக்கெட்டுக்குள்ள போடுங்க" என்றாள் கழுகு. "நான் பாத்துக்கிட்டேதான் இருப்பேன்."

கையைப் பாக்கெட்டுக்குள் விட்டேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மேலே அவள் அடுத்த வாயை நிதானமாக மென்று சாப்பிடுவதைப் போனில் கேட்டுக்கொண்டே நின்றேன்.